மஞ்சள் தாளில் போட்ட கையெழுத்து

எனக்கு வலது மார்பில் புற்றுநோய் என்று கண்டுபிடித்துச் சொன்ன டாக்டர் பெண் ரொம்ப மரியாதை தெரிந்தவள். கெட்ட சேதி எதையும் "அம்மா" என்று கூப்பிடாமல் சொல்ல மாட்டாள். அதனால் அவள் "அம்மா" என்றாலே நான் நாற்காலியைப் பிடித்துக்கொள்வேன். மருந்து ஏற்றுவதெல்லாம் முடிந்து, தலையில் ஒரு முடி பாக்கி இல்லாமல் கொட்டின பிறகு, ஒரு நாள் மறுபடி அப்படிக் கூப்பிட்டாள்.

"அம்மா, ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும். அக்குள்ல இருக்கிற கட்டியையும் சேர்த்து எடுப்போம். அதுக்கப்புறம் அந்தக் கையைப் பத்திரமாப் பார்த்துக்கணும். வெயிட் தூக்கக் கூடாது. வெட்டுப்படக் கூடாது. முள்ளு குத்தக் கூடாது. குத்தினா வீங்கிடும்."

நான் பட்டினப்பாக்கத்தில் குடியிருந்து மந்தைவெளியில் மீன் விற்கிறவள். விடிவதற்குள் கரையில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையைத் தலையில் ஏற்றி, நடந்தே போய், ரோட்டோரம் என் இடத்தில் உட்கார்ந்து அருவாமனையில் ஆய்ந்து கொடுப்பேன். எடை, வெட்டு, முள், இந்த மூன்றும்தான் என் தொழில். கெளுத்தி முள் குத்தாத நாள் என்றால் அது புயல் வந்து கடலுக்குப் போகாத நாள்.

"அப்ப நான் இன்னா தொழில் பண்றது?"

"லைட்டா வேற ஏதாவது பண்ணலாமே அம்மா."

"ரோஜாப்பூ விக்கட்டுமா?"

"ரொம்ப நல்ல ஐடியா" என்றாள். படித்த பிள்ளை. ரோஜாவைக் குப்பியில் வைத்துத்தான் பார்த்திருப்பாள் போல.

மார்பு போவதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. நாலு பிள்ளைக்குப் பால் கொடுத்தாயிற்று. அது போனால் ஜாக்கெட் தைக்கிறவனுக்குத்தான் அளவு மாறும். கை அப்படி இல்லை. வலது கை போனால் நான் மருமகள் போடுகிற சோற்றை டிவி எதிரில் உட்கார்ந்து தின்கிற கிழவி ஆகிவிடுவேன். என் இடத்துக்குப் பக்கத்தில் கடை போட்டிருக்கிற நாத்தனார், நான் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளெல்லாம் தன் தார்ப்பாயை ஒரு சாண் என் பக்கம் இழுத்துப் போடுகிறாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

"வெட்டினப்புறம் வேலை செய்ற பொம்பள ஒருத்திய நான் கண்ணால பாக்கணும். பாத்துட்டு சொல்றேன்" என்றேன்.

"நாலு வாரத்துக்குள்ள சொல்லிடுங்க அம்மா. அதுக்கு மேல தள்ளக் கூடாது" என்றாள்.

அப்படி ஒருத்தியை எங்கே போய்த் தேடுவது? எங்கள் குப்பத்தில் இந்த நோயின் பேரை யாரும் வாயால் சொல்வதில்லை. "உடம்பு சரியில்ல" என்பார்கள், கதவைச் சாத்துவார்கள், அவ்வளவுதான். செத்தால் ஊருக்கே தெரிந்துவிடும். பிழைத்தவர்கள்தான் வெளியே சொல்ல மாட்டார்கள். நாலு தெருவுக்குள் மூன்று பேராவது இருப்பார்கள். ஜாக்கெட்டைப் பார்த்தே நான் சொல்லுவேன். ஒருத்தியிடம் குழாயடியில் மெதுவாகக் கேட்டேன்.

"எனக்கா? எனக்கு இன்னா வந்துச்சு? நல்லாத்தான கீறேன்" என்று குடத்தை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். எப்போதும் வலது இடுப்பில் வைக்கிறவள்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு தாள் கொடுத்தாள். நம்மைப் போன்றவர்களுக்குத் துணை ஏற்பாடு செய்கிற சங்கமாம், தி. நகரில் இருக்கிறதாம். தாளில் படம் போட்டிருந்தது. ஒரு பெண் கடற்கரையில் சூரியன் உதிக்கும்போது இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள். அந்த நேரத்தில் எங்கள் கரையில் அப்படி நின்றால் வலை இழுக்கிறவன் வாயில் வருகிற பேச்சுக்கு அவள் சூரியனையே வெறுத்துவிடுவாள். ஆனாலும் அவள் இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கியிருந்தாள். அதைப் பார்த்துத்தான் நான் போனேன்.

சங்கம் ஒரு பாத்திரக்கடைக்கு மாடியில் இருந்தது. மருமகள் என்னைப் படி ஏற்றிவிட்டு, "அத்தே, நீ போ, நான் குக்கர் இன்னா ரேட்டுன்னு பாத்துக்கினு இருக்கேன்" என்று கீழே இறங்கிவிட்டாள். மேலே ஏசி. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். கழுத்தில் அட்டை மாட்டின ஒரு பெண் எல்லாவற்றையும் நடத்தினாள். குழந்தைக்குக் கசப்பு மருந்து ஊட்டுகிற குரல் அவளுக்கு.

முதலில் கண்ணை மூடச் சொன்னாள். ஏதோ டப்பாவில் அலைச் சத்தம் போட்டாள். "நீங்க கடற்கரைல இருக்கீங்க. மனசு லேசாகுது" என்றாள். நான் அரை மணிக்கு முன்னால்தான் அங்கிருந்து வந்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குத் தோன்றியது, வாடைக் காற்று திரும்பிவிட்டது, நாளைக்குப் படகு போகாது என்பதுதான்.

பிறகு ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, இன்றைக்கு நமக்குக் கிடைத்த ஐந்து நல்ல விஷயங்களை எழுதச் சொன்னாள். நான் மூன்றாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி எழுதினேன்: வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, கிழங்கான், இறால். அந்தப் பெண் அதை வாங்கி எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாள். கை தட்டினார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதற்கு என்று இன்றைக்கு வரை எனக்குப் புரியவில்லை. இறால் அன்றைக்குச் சுமார்தான்.

கடைசியில் யாருக்காவது கேள்வி உண்டா என்றாள். நான் எழுந்து நின்றேன்.

"வெட்டி எடுத்தப்புறம் தலையில கூடை தூக்குறவங்க, கத்தி புடிக்கிறவங்க யாருனா இங்க கீறாங்களா?"

"அருமையான கேள்வி அம்மா" என்றாள். "இந்தக் கேள்வி உங்களுக்குள்ள என்ன உணர்ச்சியை உண்டாக்குது?"

"பதில் வேணும்னு தோணுது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவளாம். தனக்கும் பை தூக்குகிற பிரச்சினை இருந்தது, இப்போது டிரைவர் தூக்குகிறான் என்று என் காதில் சொன்னாள். நல்ல மனசு. கூடை தூக்குகிறவள் என்று அங்கே ஒருத்தியும் இல்லை.

புறப்படும்போது மேசை மேல் இரண்டு அடுக்குத் தாள் இருந்தது, ஒன்று ரோஸ், ஒன்று மஞ்சள். துணை வேண்டும் என்கிறவர்களுக்கு ஒன்று, நோயைத் தாண்டி வந்து துணையாக இருக்கிறேன் என்கிறவர்களுக்கு ஒன்று. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

"படிச்சுக் காட்டட்டுமா அம்மா?" என்றாள் அட்டைக்காரப் பெண்.

"எனக்குப் படிக்கத் தெரியும்" என்றேன்.

பேங்க்கார அம்மாள் மஞ்சளை எடுத்தாள். படித்தவள் எடுக்கிற தாள் தப்பாக இருக்குமா? நானும் மஞ்சளை எடுத்தேன். பேர், போன் நம்பர் எழுதி, கீழே என் கையெழுத்தை முழுசாகப் போட்டேன். நான் கைநாட்டு வைக்கிறவள் இல்லை. அந்தப் பெருமையில் மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. பார்த்திருந்தாலும் அந்தக் கூட்டெழுத்தைப் படித்து முடிக்கப் பொழுது சாய்ந்திருக்கும்.

இரண்டு நாளில் போன் வந்தது. "அம்மா, உங்களுக்கு மயிலாப்பூர்ல ஒருத்தரை ஏற்பாடு பண்ணியிருக்கோம். இதே ஆபரேஷன் ஆகி மூணு மாசம் ஆச்சு. நீங்களே அவங்க வீட்டுக்குப் போய்ப் பார்த்துப் பேசணும்."

மூன்று மாதம் ஆனவள். நான் கேட்டது அதைத்தானே. சங்கத்தைக் குறை சொன்னதற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அடுக்குமாடி வீடு. மீன் வாடை போக இரண்டு தடவை தலைக்கு ஊற்றி, நல்ல புடவை கட்டி, மொட்டைத் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு போனேன். நான் பார்க்கப் போன மாமியின் வீட்டுக்காரர் கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே பார்த்து, "வந்துட்டா" என்றார். மாமி நைட்டியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது, யாரோ கொடுத்து வைத்த சாமானைப் போல.

"வாங்கோ, உக்காருங்கோ. நீங்கதான் எனக்கு மென்டரா?"

"அப்படின்னா இன்னாங்க?"

"எனக்கு தைரியம் சொல்ல அனுப்பறோம்னா. இதையெல்லாம் தாண்டி வந்தவான்னு சொன்னா. உங்களுக்கு ஆபரேஷன் ஆகி எத்தனை வருஷம் ஆறது?"

மஞ்சள் தாள் என்றால் என்ன என்று அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது. எழுந்து வந்திருக்கலாம். மூணாவது படித்தவள், தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று அந்த வீட்டு ஹாலில் நின்று சொல்ல என் வாய் வரவில்லை. அதோடு, நான் தேடின கை அந்த மடியில்தான் இருந்தது.

"அத்த அப்புறம் சொல்றேன். நீங்க கையத் தூக்கிக் காட்டுங்க" என்றேன்.

மாமி தூக்கினார். தோள் வரைகூட வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கிவிட்டார்.

"இவ்வளவுதானா?"

"வலிக்கறது. அசைச்சா ஏதாவது ஆயிடுமோன்னு பயம். மூணு மாசமா காபிகூட இவர்தான் ஆத்தித் தரார்."

என் ஆபரேஷன் யோசனை அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இதுதான் கதி என்றால் நான் மார்பையும் நோயையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன். முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"என்ன பேச்சையே காணோம்? தைரியம் சொல்ல வந்தவா நீங்க" என்றார் மாமி.

பொய் சொல்லி எனக்குப் பழக்கம் உண்டு. நேற்றைய மீனை இன்றைய மீன் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் கையைப் பார்த்த பிறகு வரவில்லை.

"எனக்கு இன்னும் வெட்டவே இல்ல மாமி. தாளு மாறிப்போச்சு. வெட்டினா கை வேலை செய்யுமான்னு கேக்க ஆள் தேடிக்கினு வந்தேன். ஒங்களப் பாத்தா வேணாம்னு தோணுது."

மாமி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"அப்போ எனக்கு நீங்க தைரியம் சொல்லலே. என்னைப் பார்த்து இருந்த தைரியத்தையும் விட்டுட்டேள்."

"ஆமாங்க."

"நன்னாருக்கு."

மாமி சொல்லி வீட்டுக்காரர் ஒரு தாளை எடுத்து வந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த உடற்பயிற்சித் தாளாம். சாமி அலமாரியில் குங்குமப் பொட்டலத்துக்கு அடியில் மூன்று மாதமாகப் பத்திரமாக இருந்திருக்கிறது. நல்லவேளை, எல்லாம் படம். ஒரு பெண் சுவரைப் பார்த்து நின்று, விரல்களைச் சுவரில் வைத்து நண்டு மாதிரி மேலே ஏற்றுகிறாள்.

"செய்யுங்க" என்றேன்.

"வலிக்கும்."

"வலிக்கட்டும். ஒங்க கை மேல ஏறுதான்னு பாத்துட்டுத்தான் நான் டாக்டர்கிட்ட போவேன். ஏறலன்னா நான் வெட்டிக்க மாட்டேன். எனக்கு நாலு வாரம்தான் குடுத்துக்கீறாங்க. அதுல ஒண்ணு போச்சு."

நான் செய்தது அதட்டல்தான். என் கைக்காக அவர் கையைப் பணயம் வைத்தேன். ஆனால் மாமி எழுந்து சுவரோரம் போனார். மூன்று மாதமாக எல்லோரும் அவரிடம் "உனக்காகப் பண்ணு" என்று கெஞ்சியிருக்கிறார்கள். யாரோ ஒரு மீன்காரிக்காக என்றதும் எழுந்துவிட்டார். விரல்கள் கழுத்து உயரத்தில் நின்றன. வீட்டுக்காரரின் பென்சிலை வாங்கி அங்கே ஒரு கோடு போட்டேன்.

"போன தீபாவளிக்குத்தான் பெயின்ட் அடிச்சோம்" என்றார் அவர்.

வாரத்துக்கு மூன்று நாள் போனேன். கடையை மருமகளிடம் விட்டுவிட்டுப் பகலில் போய்விடுவேன். மாமி சுவர் ஏறுவார். நான் கோடு போடுவேன். காபி வரும். எனக்கு வருகிற டம்ளர் தனியாகத்தான் வந்தது, ஓரம் நசுங்கினது. மூன்றாவது நாள், "இன்னா மாமி, எனக்குன்னு வாங்குனதா?" என்றேன். மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த தடவை வேறு டம்ளர் வந்தது. நசுங்கினது வீட்டுக்காரர் கையில் இருந்தது.

ஒரு நாள் லிப்டில் அந்தக் கட்டடத்து அம்மாள் ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அந்தாத்துல வேலைக்குச் சேர்ந்துட்டியோ? மாமிக்குத் தோள்பட்டை வலின்னு சொன்னா. எங்காத்துக்கும் ஆள் வேணும்."

"நான் வேலைக்கு வரல. பாடம் எடுக்க வரேன்" என்றேன்.

"என்ன பாடம்?"

"அதுக்கு நீ இன்னும் ரெண்டு கிளாஸ் தாண்டணும்."

மேலே போய் மாமியைப் பிடித்துக்கொண்டேன். "இன்னா தோள்பட்டை வலி?" மாமி தலையைக் குனிந்துகொண்டார். கட்டடத்தில் யாருக்கும் தெரியாதாம். தெரிந்தால் பாவம் பார்ப்பார்களாம். எங்கள் குப்பத்துக் குழாயடியும் இந்த லிப்டும் ஒன்றுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், இங்கே கண்ணாடி மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நடுநடுவே சங்கத்தில் இருந்து போன் வரும். "அம்மா, உங்க பேஷன்ட்டோட நம்பிக்கை ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள எவ்வளவு இருக்கு?"

"மூக்கு வரைக்கும் வந்துகீது."

"நம்பரா சொல்லணும் அம்மா."

"நீயே ஒண்ணு போட்டுக்க கண்ணு."

எட்டு போட்டுக்கொண்டார்களாம்.

டாக்டர் கொடுத்த நாலாவது வாரத்தில் மாமியின் விரல்கள் தலைக்கு மேலே போயின. சமையலறைக்குப் போய், மேல் தட்டில் இருந்த ஊறுகாய் ஜாடியை வலது கையால் இறக்கி என் எதிரில் வைத்தார். வீட்டுக்காரர் பக்கத்தில் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார், கிரிக்கெட்டில் பந்து பிடிக்கிறவன் மாதிரி.

"பாத்தேளா?"

பார்த்தேன். சந்தோஷம்தான். ஆனாலும் கேட்டேன். "இது எவ்ளோ கனம் இருக்கும்?"

"ஒரு ரெண்டு கிலோ."

"என் கூடை முப்பது கிலோ மாமி."

வீட்டுக்காரர் ஏந்தின கைகளை இறக்கினார். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கை பிழைக்கும். கூடை தலைக்கு ஏறாது. முப்பத்தைந்து வருஷம் தலையில் இருந்தது. நான் நடந்து வரும்போது கூடை முதலில் தெரியும், பிறகுதான் நான்.

"கறிகாய்க்காரன் தினம் வரானே, தலையிலயா தூக்கிண்டு வரான்? தள்ளுவண்டி வெச்சுண்டிருக்கான்" என்றார் மாமி.

"அவன் ஆம்பள."

"அதுக்கும் தள்ளுவண்டிக்கும் என்ன சம்பந்தம்?"

காபியைக் குடித்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், "எந்தத் தேதி?" என்று கேட்டேன். டாக்டர் பெண் "அம்மா" என்றாள். "சொல்லு, பரவால்ல" என்றேன்.

ஆஸ்பத்திரியில் சேருகிற அன்றைக்குச் சங்கத்தில் இருந்து போன். சிறந்த மென்டர்கள் என்று நாலு பேருக்கு மேடையில் பொன்னாடை போர்த்துகிறார்களாம், என் பேரும் இருக்கிறதாம்.

"வர முடியாது கண்ணு. நாளைக்கு எனக்கு ஆபரேஷன்."

"ஐயோ, மறுபடியும் வந்துடுச்சா அம்மா?"

"மொத தடவையே இப்பத்தான் எடுக்கிறாங்க. நான் மஞ்சத் தாளுல கையெழுத்துப் போட்டுட்டேன்."

பக்கத்தில் யாரிடமோ ரகசியமாகப் பேசினாள். பிறகு அதே மருந்து ஊட்டுகிற குரலில் சொன்னாள். "பரவாயில்லம்மா. ரிப்போர்ட் அனுப்பிட்டோம். இனிமே மாத்த முடியாது. நீங்க மென்டராவே இருங்க."

ஆபரேஷன் நடந்தது. வலியைப் பற்றிச் சொல்லப் போவதில்லை, அது எல்லோருக்கும் ஒன்றுதான். வீட்டுக்கு வந்து எங்கள் வீட்டுச் சுவரில் நானும் ஏறினேன். கோடு போட மருமகள். அவள் நல்லவள்தான், ஆனால் அரை விரல் கூட்டிப் போடுவாள், நான் சந்தோஷப்படட்டுமென்று. "பொய்க் கோடு போடாதே" என்று இரண்டு தரம் அழித்துப் போட வைத்தேன்.

மூன்றாவது மாதம் மந்தைவெளிக்குப் போனேன். கூடை ஆட்டோவில் வந்தது. நான் கையை வீசிக்கொண்டு பின்னால் நடந்து வந்தேன். தெருவில் துணியில்லாமல் நடந்தது போல இருந்தது. நாத்தனாரின் தார்ப்பாய் என் இடத்தில் பாதியைத் தாண்டி இருந்தது.

"வந்துட்டியா? நீ எங்க வரப்போறன்னு சொன்னாங்க" என்றாள்.

"எவன் சொன்னது? பாயை இழு."

இழுத்தாள். நான் வலது கையில் தடியான ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு அருவாமனையில் உட்கார்ந்தேன். நாத்தனார் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாமே இது, ஆஸ்பத்திரி வேஷம்? உடம்புக்கு இன்னா?"

என் வாயில் "ஒண்ணுமில்ல" என்பது தானாக வந்துவிட்டது. எல்லோர் வாயிலும் வருகிற அதே சொல். எதிரில் வாங்க வந்தவர்கள் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வந்த சொல்லை விழுங்கினேன்.

"கேன்சர். வலது மார எடுத்துட்டாங்க. இந்தக் கையில முள்ளு குத்தக் கூடாது" என்றேன், தெருவுக்கே கேட்கிறாற்போல.

ஒருத்தர் நெத்திலியைக் கீழே வைத்துவிட்டுப் போனார், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ. மற்ற இரண்டு பேரும் வாங்கினார்கள்.

அன்றைக்குப் பகல் வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, குழாயடியில் பார்த்தேனே, இடது இடுப்பில் குடம் வைத்தவள், அவள் வந்து கடை எதிரில் குந்தினாள். மீன் எதையும் பார்க்கவில்லை. கையுறையைப் பார்த்தாள்.

"அக்கா, இது எங்க வாங்குன?"

"உனக்குத்தான் ஒண்ணுமில்லியே."

அவள் தரையைப் பார்த்தாள். "ரெண்டு வருசமாச்சுக்கா. கை மேல போவ மாட்டேங்குது."

"தூக்கு பாப்போம்" என்றேன்.

சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, மெதுவாகத் தூக்கினாள்.